தணிகை மலையடியில் தைப்பனி

திரூர்

சித்திரை பிறந்துவிட்டால் சாயங்காலச் செய்தியில் திருத்தணியின் பெயர் வராத நாள் குறைவு. வேலூர், கரூர் பரமத்தி, திருத்தணி என்று வெயில் கொளுத்திய ஊர்களை வாசிக்கும்போது அது எப்போதும் முன்வரிசையில் நிற்கும். உதகையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வேர்க்கும். அந்த ஊர்ப் பக்கம் தை மாதத்தில் போனபோது, வழி நெடுக மனிதர்கள் என்னிடம் பேசியதெல்லாம் குளிரைப் பற்றித்தான். அதுவும் தங்கள் குளிரை அல்ல, நாற்றின் குளிரை.

முதல் பேச்சு திரூரில் தொடங்கியது. திருவள்ளூருக்குக் கிழக்கே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு நெல் உலகத்தில் பெரிய பெயர் உண்டு. இங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள், திரூர்க்குப்பம் என்ற பழைய பெயரை ஒட்டி, டிகேஎம் என்ற முன்னெழுத்தோடு வெளியாகின்றன. 1952இல் வந்த டிகேஎம் 6 தண்டுத்துளைப்பானைத் தாங்கி நின்ற ரகம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர் 20 ரகத்தை உருவாக்கியபோது அதன் ஒரு பெற்றோராக எடுத்துக்கொண்டது இந்த டிகேஎம் 6ஐத்தான். ரேஷன் கடைப் பையிலும் கல்யாணப் பந்தியிலும் ஐஆர் இருபதைத் தின்று வளர்ந்த தலைமுறை நாங்கள். அதன் பூர்விகத்தில் ஒரு பாதி இந்த ஊர் என்று தெரிந்துகொண்டு நிலையத்தின் வேலியோரம் நடப்பது எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது.

வேலிக்கு வெளியே டீக்கடையில் யூரியா மூட்டையைச் சைக்கிளில் சாய்த்துவிட்டு நின்ற பெரியவரிடம் வயலில் என்ன வேலை என்று கேட்டேன்.

“நவரைக்கு நாத்து வுட்டிருக்கோம்மா. மார்கழி பாதியில வுட்டது. பனி ஜாஸ்தி. ஏறவே மாட்டேங்குது.”

திருவள்ளூர் மாவட்டத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. சித்திரையில் விதைத்து ஆவணியை ஒட்டி அறுப்பது சொர்ணவாரி. மழையை நம்பி வளர்வது சம்பா. சம்பா அறுத்த கையோடு, ஏரியிலும் கிணற்றிலும் நிற்கும் தண்ணீரை நம்பி மார்கழி, தையில் விதைப்பது நவரை. மூன்றிலும் குழந்தைப் பருவத்தைக் குளிரில் கழிப்பது நவரை நாற்று மட்டும்தான். எங்கள் ஊர்க் கணக்கில் பார்த்தால் இது குளிரே அல்ல. தை மாத ராத்திரிகளில் இந்தப் பக்கம் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். சில நாள் 17, 18 தொடும். உதகையில் அது பகல் நேரத்து வெப்பம். ஆனால் நெல் நாற்றுக்கு 20 டிகிரி ஓர் எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் வேர் சோம்பும், மண்ணிலிருந்து துத்தநாகம் எடுக்க முடியாமல் திணறும், இலை மஞ்சள் பூக்கும். செத்துப்போகாது. வளராமல் நிற்கும்.

“சாவாத நாத்துக்குத்தாம்மா கவலை அதிகம்” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தின் அர்த்தம் முழுதாக விளங்க எனக்கு இந்தப் பயணத்தின் கடைசி ஊர்வரை ஆயிற்று.

கனகம்மாசத்திரம்

திருவள்ளூரிலிருந்து திருப்பதி போகும் பெருஞ்சாலையில், திருத்தணிக்கு முன்னால் வருகிறது கனகம்மாசத்திரம். பெயரிலேயே பழைய வழிப்போக்கர்களின் ஞாபகம் இருக்கிற ஊர். சாலையின் இருபுறமும் கரும்பும் கழனியும் மாறி மாறி வருகின்றன. வட மாவட்டத்துக்காரர்கள் வயல் என்று சொல்வதில்லை, கழனி என்பார்கள், புஞ்சைக்குக் கொல்லை. திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் மாட்டுக்கும் கூரைக்கும் பந்தலுக்கும் எங்கே பார்த்தாலும் கரும்புச் சோகை.

பொழுது சாயும் நேரத்தில், கூட வந்த நண்பரின் உறவினருடைய கழனிக்குப் போனோம். ஓர் ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால். நிரவிய பாத்தியில் நாற்று சுண்டுவிரல் உயரத்துக்கு நின்றது. ஏடிடி 37, இந்தப் பக்கத்துக்காரர்கள் செல்லமாகக் குண்டு நெல் என்கிற 105 நாள் ரகம். இட்லிக்கு இதைவிட நல்ல அரிசி கிடையாது என்று சத்தியம் செய்வார்கள். விதைக்கும் முன்பே குளிரோடு சண்டை தொடங்கிவிடுகிறது. ஒரு நாள் ஊறவைத்து, கோணிப்பையில் கட்டி, மறுநாள் முளை எட்டிப் பார்க்க வேண்டும். மார்கழியில் அது நடக்காது. அதனால் ஊறின நெல்லை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, மூட்டையை வைக்கோலுக்குள் புதைத்து, மேலே பாரம் ஏற்றி, அடுப்படிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததாக அந்த வீட்டு அம்மா சொன்னார்கள். முளைக்கும் நெல் தானே சூடு விடும். அந்தச் சூட்டை வெளியே விடாமல் காப்பதுதான் வேலை.

இருட்டுவதற்கு முன்னால் அவருடைய மகன் வாய்க்காலை வெட்டிவிட்டார். தண்ணீர் பாத்தியில் மெல்லப் பரவி, நாற்றின் பாதி உயரத்துக்கு ஏறியதும் மடையை அடைத்தார். நுனி முழுகக் கூடாது. அடித்தண்டும் குருத்தும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மண்ணைவிட, காற்றைவிட, தண்ணீர் சூட்டை நிதானமாக இழக்கும். ராத்திரி முழுக்க அந்தத் தண்ணீர்தான் நாற்றுக்குப் போர்வை.

மேகம் இல்லாத, காற்று அசையாத ராத்திரிதான் மோசம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் ஊர் வாத்தியார்கள் பேசுவது கேட்டது. பகலில் வாங்கிய சூட்டை மண் ராத்திரியில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். வானம் வெளிவாங்கியிருந்தால் நிறையப் போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, பள்ளம் பார்த்து வழியும். உதகையில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது மேட்டு வீட்டுக்காரர்கள் தப்பிப்பது இதனால்தான். இங்கேயும் அதே கதை. ஏரிக்குக் கீழே, தாழ்ந்த கழனியில் நாற்று விடாதே, மேட்டுப் பாத்தியில் விடு என்பது இவர்கள் தாத்தா காலத்து விதி.

ஏன் இவ்வளவு பாடு? பத்து நாள் தாமதமானால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். மகன் விரல் விட்டு எண்ணினார். மார்கழி பாதியில் விதைத்த குண்டு நெல் மாசி கடைசியில் பூக்க வேண்டும். நாற்று பத்துப் பதினைந்து நாள் மந்தமாகிவிட்டால் பூப்பு பங்குனி நடுவுக்குத் தள்ளிப்போகும். திருத்தணிப் பக்கத்துப் பங்குனி வெயிலை யாரும் சொல்லித் தெரிய வேண்டாம். நெல் பூ காலை ஒன்பது மணிக்கு மேல் உச்சிப்பொழுதுக்குள் வாய் திறந்து மூடும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெடும், கதிர் பதராகும். கிணற்றுத் தண்ணீரும் அதற்குள் அடியைத் தொட்டிருக்கும். தைப்பனியில் பின்தங்கிய பயிர் பங்குனி வெயிலில் மாட்டிக்கொள்கிறது. மூட்டை குறைந்தால் எல்லாரும் வெயிலைத் திட்டுவார்கள். பழி உண்மையில் தையிலேயே தொடங்கிவிட்டது. வானிலைச் செய்தியில் திருத்தணி வெயிலுக்கு மட்டும்தான் இடம் கிடைக்கிறது. அதன் குளிரையும் யாராவது நாற்றங்கால் உயரத்தில் நின்று அளந்து சொல்ல வேண்டும். ஆளுயரக் கூண்டில் எடுக்கும் கணக்கைவிட வானம் வெளிவாங்கிய ராத்திரியில் இலை நுனியில் குளிர் கூடுதல்.

நந்தி ஆற்றங்கரை

திருத்தணியில் நாங்கள் தங்கிய வீடு மலைக்குக் கீழே, நந்தி ஆற்றின் பக்கம். வீட்டில் இரண்டு மொழிகள். மாமியாரிடம் தெலுங்கு, பிள்ளைகளிடம் தமிழ், கோழியிடம் இரண்டும். இந்த ஊர் 1960 ஏப்ரல் முதல் தேதி வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் முன்நின்று நடத்திய வட எல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் அதை அன்றைய சென்னை மாநிலத்துக்குக் கொண்டுவந்தன. கோடு மாறியது, அடுப்படி மாறவில்லை. ராத்திரிச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும்.

பிதுக்கம்பருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பச்சை மொச்சைக் கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் போய் விழும். வேலூர், சித்தூர், திருத்தணிப் பக்கம் தை மாதத்தில் எந்த வீட்டுத் திண்ணையிலும் இந்த வேலை நடக்கும். நானும் உட்கார்ந்து பிதுக்கினேன். பூண்டும் மிளகாயும் அரைத்து ஊற்றிய குழம்பில் பருப்பு வெண்ணெயாகக் கரைந்தது. பனி குடித்த மொச்சைக்குத்தான் இந்த வாசனை வரும், பனி இல்லாத வருஷம் குழம்பு மணக்காது என்று பாட்டி தெலுங்கில் சொல்ல, மருமகள் தமிழில் சொன்னார். நாற்றைச் சோம்பவைக்கும் அதே பனி மொச்சைக்கு மணம் ஏற்றுகிறது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மருமகள் புழக்கடைக்கு விளக்கு எடுத்துப் போனார். மிளகாயும் கத்திரியும் விட்ட மேட்டுப் பாத்திகள். மண்ணில் வேப்பம்புண்ணாக்கு கலந்து, விரலால் கோடு கிழித்து, விதை தூவி, மேலே மணல் மூடியிருந்தார். முளைக்கும்வரை கரும்புச் சோகை போர்த்தியிருந்தாராம். வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் வந்துவிடும் மிளகாய் இந்தத் தையில் இரண்டு வாரம் தாண்டித்தான் தலை நீட்டியிருக்கிறது. இப்போது இரண்டிலைப் பருவம். பாத்தியின் குறுக்கே சவுக்குக் குச்சிகளை வளைத்து நட்டு, அதன் மேல் பழைய நூல் புடவையை விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்தார்.

“பிளாஸ்டிக் போட்டா என்னம்மா?” என்று கேட்டேன்.

“பிளாஸ்டிக் இலை மேல ஒட்டிக்கினா அந்த எடம் கருகிடும்மா. புடவை ஒட்டாது. ஒட்டினாலும் பனிய அதுவே குடிச்சிக்கும். உள்ள ஒரு முழம் காத்து நிக்கணும், அதுதான் காக்குது.”

போர்வைக்கும் இலைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும் என்ற இந்த விஷயம் தெரியாமல் தக்காளி நாற்றை இழந்தவர்களை நான் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா அதை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. இலையைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். மருந்துக் கடைக்காரர் சொல்லும் தெளிப்புகளைவிட இப்படிப்பட்ட அறிவுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி. ஊராட்சிக்கு ஒருவர் போய் இதையெல்லாம் எழுதி வைக்கலாம்.

விடியற்காலையில் நானும் அவர்களுடன் எழுந்தேன். மலை தெரியவில்லை, ஆற்றங்கரை முழுக்க மஞ்சு. புடவையைப் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. ஆனால் உடனே எடுக்கவில்லை. வெயில் பாத்தியில் விழுந்து, மேல்மண் காயத் தொடங்கிய பிறகு, எட்டு மணியை ஒட்டித்தான் எடுத்தார். அதற்கு மேல் ஒரு நிமிஷம் விடவும் இல்லை. ஈரமும் குளிரும் காற்றோட்டமில்லாமையும் சேர்ந்தால் பித்தியம் என்ற பூசணம் நாற்றின் கழுத்தைப் பிடிக்கும். காலையில் நிமிர்ந்து நின்ற கன்று சாயங்காலம் தரையில் படுத்திருக்கும். நாற்றழுகல் என்பது அதுதான். குளிருக்குப் பயந்து நாள் முழுக்க மூடி வைத்தவர்கள் அழுகலுக்குப் பறிகொடுப்பார்கள். மூடுவதற்கு இருக்கிற அதே கவனம் திறப்பதற்கும் வேண்டும். பூவாளியில் தண்ணீர் தெளிப்பதும் காலையில்தான். சாயங்காலம் தெளித்தால் ராத்திரிக்கு ஈரத்தை நாமே ஊட்டியதாகும்.

பக்கத்துக் கழனியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் நாற்றங்காலின் இரு வரப்பில் நின்று, நீளக் கயிற்றின் முனைகளைப் பிடித்து, நாற்றின் தலைக்கு மேல் மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தார்கள். கயிறு போகும் இடமெல்லாம் நாற்று ஒருதரம் வளைந்து நிமிர்ந்தது; நுனியில் முத்து முத்தாக நின்ற பனித்துளி தண்ணீரில் பொலபொலவென்று உதிர்ந்தது. கயிறு கடந்த பாதி கரும்பச்சையாகவும் கடக்காத பாதி சாம்பல் பூத்தும் தெரிந்தது. நுனியில் பனி நின்றால் இலை சீக்கிரம் காயாது, நோயும் பிடிக்கும். பிறகு ராத்திரித் தண்ணீரை வடித்தார்கள். அதில் கையை விட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. உடனே போர்வெல் மோட்டாரைப் போட்டார்கள். குழாயிலிருந்து விழுந்த தண்ணீரில் ஆவி பறந்தது. பூமிக்கடியில் தண்ணீர் வருஷம் முழுக்க அந்த ஊரின் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். திருத்தணிக்கு அது 28 டிகிரி பக்கம். வெளியே 18, குழாயில் 28. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டும் பக்குவத்தில் நாற்றுக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினார்கள்.

இப்படித் தண்ணீரை மாற்றிக் கட்டும் முறை இங்கே மட்டும் இல்லை. வங்கதேசத்தில் போரோ நெல்லுக்கு ஜனவரிக் குளிரில் நாற்று விடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஒளி புகும் பாலித்தீன் தாளால் மூடவும் செய்கிறார்கள். ஜப்பானின் நகானோ மலைப்பகுதியில் 1940களில் ஒரு விவசாயி எண்ணெய் பூசிய காகிதத்தால் நாற்றங்காலை மூடிப் பார்த்தார்; அது அந்த நாட்டின் குளிர்ப் பகுதிகளெங்கும் நெல் விவசாயத்தையே மாற்றியது. அங்கே ஒருவர் தோட்டத்தில் செய்துபார்த்ததை அரசாங்கம் எடுத்து நாடு முழுக்கக் கொண்டுபோயிற்று. நந்தி ஆற்றங்கரைக் கயிற்றுக்கும் புடவைக்கும் அந்த அதிர்ஷ்டம் இன்னும் வரவில்லை.

தணிகை மலை

தைக் கிருத்திகை. மலையடியில் மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. காவடிகள், பம்பை, கையில் வேல் பிடித்த குழந்தைகள். படிகள் 365, வருஷத்தின் நாளுக்கு ஒன்று. டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி இந்தப் படிகளில் ஒவ்வொன்றுக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும் படித்திருவிழாவைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து வணங்கும் வழக்கத்தை மாற்றித் தணிகை துரையைப் பார்க்கப் போங்கள் என்று அவர் திருப்பிவிட்டதாகச் சொல்வார்கள்.

இந்த மலைக்குத் தோட்டக்காரக் கதை ஒன்று உண்டு. இந்திரன் இங்கே ஒரு சுனையில் நீலக் குவளைக் கொடியை நட்டு வளர்த்தான், அது காலை, உச்சி, மாலை என்று நாளுக்கு மூன்று பூ பூத்தது, அதைக் கொண்டு முருகனைப் பூசித்தான் என்பது தலபுராணம். தேவர்களின் அரசனே சுனையோரம் உட்கார்ந்து கொடி வளர்த்த இடம். வள்ளியோ தினைப்புனம் காத்தவள். அவளை மணந்துகொண்டு முருகன் அமர்ந்த மலை இது. இளம்பயிரைக் காவல் காக்கிற வேலைக்கு இதைவிடப் பெரிய குலதெய்வம் கிடைக்காது. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் ஏறிவரும் புஷ்பக் காவடிகளின் சாமந்தியும் அரளியும் ஏதோ ஒரு பாத்தியில், யாரோ ஒருவரின் கவனத்தில் நாற்றாக நின்றவைதான்.

தரிசனம் முடிந்து கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்தேன். மஞ்சு விலகி, கழனிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. மலைக்குக் கிழக்கே, விடிந்ததும் வெயில் விழும் பக்கத்து நாற்றங்கால்கள் நல்ல பச்சை. மேற்கே, மலை நிழல் நெடுநேரம் விலகாத பக்கத்தில் அதே வாரத்தில் விட்டவை வெளிறிக் கிடந்தன. ஒன்றிரண்டில் கறுப்பாக ஏதோ தூவியிருந்தது. கரித்த உமி என்று பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் சொன்னார். ரைஸ் மில்லில் வாங்கி வந்து தூவுகிறார்களாம்; கறுப்பு வெயிலைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். ஒரு மணி நேர வெயில் கூடக் கிடைப்பதும் குறைவதும் பச்சையாகவும் மஞ்சளாகவும் இப்படித் தெரிந்ததை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

பள்ளிப்பட்டு

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு. வழியில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. பிறகு பாறை மலைகளும் மாந்தோப்பும். கொசஸ்தலை ஆறு இந்தப் பக்கத்தில்தான் உருவெடுத்துப் பூண்டிக்குப் போகிறது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் முழுகும். நாங்கள் போனபோது மணலுக்கு நடுவே ஒரு வெள்ளிக் கோடு மட்டும் ஓடியது.

ஊருக்கு வெளியே நிழல்வலை நர்சரி ஒன்று. 98 குழி கொண்ட தட்டுகளில் தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீனால் இறுக்கி மூடி வைத்திருந்தார்கள். முளைக்கும் சூடும் ஈரமும் உள்ளேயே நிற்கும். முளை தெரிந்த அன்றே அடுக்கைப் பிரித்துப் பரப்பிவிட வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் வெளிறி நீண்டுவிடும். நிழல்வலையை மே மாதத்தில் வெயிலுக்காகக் கட்டுகிறார்கள்; தையில் பக்கவாட்டுத் துணிகளை இறக்கி ராத்திரிக் காற்றுக்குத் தடுப்பாக்குகிறார்கள். இங்கிருந்து தக்காளி நாற்று எல்லை தாண்டி சித்தூருக்கும் மதனப்பள்ளிக்கும் போகிறது. மதனப்பள்ளி மேட்டுநிலம், இன்னும் குளிர். அதனால் அங்கே போகிற நாற்றை அனுப்புவதற்கு முன் சில ராத்திரி வலைக்கு வெளியே வைத்துப் பழக்குவார்களாம். தண்ணீரையும் கொஞ்சம் குறைப்பார்கள். இலை தடிக்கும், தண்டில் ஊதாநிறம் ஏறும், நட்ட இடத்தில் தாங்கும்.

நர்சரிக்கு அடுத்த மாந்தோப்புக்காரர், வயசானவர், நான் உதகை என்றதும் பெஞ்சைத் தட்டி உட்காரச் சொன்னார். எங்கள் ஊரில் என்ன செய்கிறோம் என்று விடாமல் கேட்டார். சொன்னேன். 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் உருவாக்கத் தொடங்கிய அரசுத் தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க்காட்சிக்குத் தையிலும் மாசியிலுமே நாற்று நடத் தொடங்கிவிடுவார்கள். 2025இல் நடந்தது 127ஆவது காட்சி. அந்தக் கன்றுகளுக்கு மேல் கோத்தகிரி மிலார்ச் செடிகளை வெட்டிவந்து வேய்வார்கள். புல்வெளியில் விழுந்த உறைபனி மேல் வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கரைப்பார்கள். உறைந்த இலையில் சட்டென்று வெயில் விழுந்தால் கருகிவிடும். தேயிலைக் கொழுந்து ஒரே ராத்திரியில் பழுப்பாகி மொடமொடவென்று நொறுங்குவதையும் சொன்னேன்.

“உங்க ஊர்ல ஒரே ராத்திரியில தெரிஞ்சிடுது” என்றார். “இங்க ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ள உரம் போட்டிருப்போம், களை எடுத்திருப்போம், கடன் வாங்கியிருப்போம்.”

திரூர்ப் பெரியவர் சொன்னது இதுதான். எங்கள் ஊர் உறைபனியைப் படம் பிடிக்க வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். மஞ்சளாக நிற்கும் எட்டு சென்ட் நாற்றைப் பார்க்க வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் தையில் வந்துபோனால் போதும். ஒரு சதவீத யூரியாவோடு அரை சதவீதத் துத்தநாக சல்பேட் கலந்து தெளிக்கச் சொல்லலாம், தண்ணீரை எப்போது வடிக்க வேண்டும் என்று சொல்லலாம், அடுத்த வருஷம் பத்து நாள் முன்னால் விதைக்கச் சொல்லலாம். சில ஊர்களில் வருகிறார்கள். பல ஊர்களில் அறுவடைக் கணக்கெடுக்கத்தான் வருகிறார்கள்.

மாமரங்கள் தலை முழுக்கப் பூத்து நின்றன. பெரியவர் ஒரு பூங்கொத்தை வளைத்து, பிசுபிசுத்த தேனையும் அதில் துள்ளிய தத்துப்பூச்சியையும் காட்டினார். கிழக்கே நகரி மலைப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. மேகம் மூடினால் இன்றைக்கு ராத்திரி நாற்றுக்கு நல்லதுதானே என்று கேட்டேன்.

“நாத்துக்கு நல்லதும்மா. மாம்பூவுக்கு ஆவாது. மோடம் போட்டா பூச்சி ஏறும், பூ கருகும். கழனியில நாத்து நிக்குது, தோப்புல பூ நிக்குது. மழ வேணாம், மோடம் வேணாம், பனியும் வேணாம்னா எங்க போறது?” கொம்பை விட்டுவிட்டு மகனைக் கூப்பிட்டார். “பொழுதோட தண்ணி கட்டிடு நைனா. மோடம் கலைஞ்சாலும் கலைஞ்சிடும்.”